போலீஸ் பார்க்கவே இல்லை, ஐந்தாம் நாள் இரண்டு சலான் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா?

மண்டிக்கணக்கு | திங்கள், இரவு 9.12

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். போன புதன்கிழமை மாலை ஆறரை மணி இருக்கும். ராயக்கோட்டையில் ஒரு பார்ட்டியிடம் பாக்கி வாங்கிக்கொண்டு காரில் திரும்பி வந்தேன். ஊருக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால் இடதுபக்கம் மாந்தோப்புக்குள்ளிருந்து ஒரு மண்பாதை ரோட்டில் ஏறும். அதிலிருந்து ஒரு டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் புல்லுக்கட்டோடு, சட்டென்று ஏறிவிட்டது. பிரேக் அடித்தேன். முழுசாக நிற்பதற்குள் என் இடதுபக்க பம்பர் அதன் பின்சக்கரத்தைத் தட்டியது. ஓட்டிய பையன் புல்லுக்கட்டு மேலேயே விழுந்தான். அந்தக் கட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எழுந்து நின்றான். தோளைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணும் இல்லண்ணா" என்றான். தோப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பேசி, 3,000 ரூபாய் கொடுத்து, போன் நம்பர் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஸ்டேஷனிலிருந்து போன். பையனுக்குக் காரை எலும்பில் (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) முறிவாம், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருக்கிறதாம். போனேன். சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் புகாரைப் பதிந்துகொள்ளும் தாளை, காட்டினார்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இன்று மத்தியானம் போனுக்கு இரண்டு சலான். ஒன்று பிரிவு 196, இன்சூரன்ஸ் இல்லை, 2,000. இன்னொன்று 184(சி), போனில் பேசிக்கொண்டு ஓட்டியது, 1,000.

விபத்து நடந்தபோது அங்கே ஒரு போலீஸ்காரரும் இல்லை. பார்க்காத ஒன்றுக்கு ஐந்து நாள் கழித்து எப்படி சலான் போடுவார்கள்? மூவாயிரத்தைக் கட்டித் தொலைத்தால் இதோடு முடிந்துவிடுமா?

அருவிக்கரை | திங்கள், இரவு 9.31

கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள் சார். ஸ்டேஷனுக்கு நாலு தடவை நடந்தாலே பெட்ரோல் மூவாயிரம் ஆகிவிடும்.

தொப்பூர்_இறக்கம் | திங்கள், இரவு 9.50

அதெல்லாம் செல்லாது. கண்ணால் பார்த்தால்தான் கேஸ். நான் 18 வருஷமாக லாரி ஓட்டுகிறேன். தொப்பூர் கணவாயில் முன்னால் போன வண்டி நின்று, நான் அதன்மேல் சாய்ந்து, என்மேல் இன்னொருவன் சாய்ந்தான். போலீஸ் வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. வந்தவர்கள் நேராக என்னிடம் "நீதானே வேகமா வந்தே" என்றார்கள். "நீங்க பாத்தீங்களா சார்" என்று கேட்டேன். பதில் இல்லை.

கல்லாவி_காற்று | திங்கள், இரவு 10.04

முதலில் அந்த எஸ்.எம்.எஸ். நிஜமா என்று பாருங்கள். இப்போது சலான் என்று சொல்லி வாட்ஸாப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பிப் பணத்தை உருவுகிறார்கள். லிங்க்கைத் தொடாமல், பரிவாகன் இ-சலான் தளத்தில் நீங்களே வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

மண்டிக்கணக்கு | திங்கள், இரவு 10.11

பார்த்தேன். நிஜம்தான். இரண்டும் இருக்கின்றன.

ஏட்டு_ரிட்டயர்டு | செவ்வாய், காலை 6.20

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் 31 வருஷம் வேலை பார்த்தவன். தொப்பூர் தம்பி, உங்களிடம் அன்றைக்குப் பதில் சொல்லாத ஆள் விவரம் தெரியாதவர் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் அவருக்கு முதல் வேலை ரோட்டைத் திறப்பது. கணவாயில் ஒரு வண்டி குறுக்கே நின்றால் சேலம் பக்கமும் தருமபுரி பக்கமும் எவ்வளவு தூரம் வண்டி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். கேஸ் எல்லாம் சாயங்காலம் உட்கார்ந்து எழுதுவது.

விபத்து கேஸில் போலீஸ் நேரில் பார்ப்பது நூற்றில் ஒன்று. மீதி எல்லாம் பின்னால் போய்ப் பார்ப்பதுதான். ரோட்டில் டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் தூள் எங்கே கொட்டியிருக்கிறது, எந்த வண்டியில் எந்தப் பக்கம் அடி, இதையெல்லாம் பார்வை மகஜரில் எழுதி, ரஃப் ஸ்கெட்ச் போட்டு, பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்து, பிரேக் இன்ஸ்பெக்டரை விட்டு வண்டியைப் பார்க்கச் சொல்வோம். பிரேக் பிடித்ததா இல்லையா என்று அவர் எழுதிக்கொடுப்பார். அதற்காக வண்டியை எடுத்து வைத்தால் முறைகள் முடிந்து 24 மணி நேரத்தில் திருப்பித் தரவேண்டும் என்று பிரிவு 136 சொல்கிறது. நடைமுறையில் எவ்வளவு நாள் நின்றது என்று நான் இங்கே எழுதினால் என் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது, இருந்தாலும் வேண்டாம்.

மண்டிக்கணக்கு தம்பி, ஒன்று சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள். சலான் வந்தது பிரச்சினையே இல்லை. நீங்கள் 3,000 கொடுத்துவிட்டுக் கிளம்பினீர்களே, அங்கேதான் தப்பு. பிரிவு 134 என்ன சொல்கிறது? அடிபட்டவனுக்கு வைத்தியம் கிடைக்க வழி செய்யவேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் 187-இல் ஆறு மாதம் வரை சிறை, இல்லை 5,000 வரை அபராதம், இல்லை இரண்டும். அவர்கள் அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

கோர்ட்_வராண்டா | செவ்வாய், காலை 8.45

தருமபுரி கோர்ட்டில் விபத்து வழக்குகள்தான் என் பிழைப்பு. பொறுமையாகப் படியுங்கள், இரண்டு சலானையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

"கண்ணால் பார்த்தால்தான்" என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு ஒரு வேர் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 202. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரியின் முன்னிலையில் 184, 185, 197 ஆகிய குற்றங்கள் நடந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்பது அது. அந்த "முன்னிலையில்" கைதுக்கு வைத்த நிபந்தனை. வழக்குப் போடுவதற்கோ சலான் போடுவதற்கோ வைத்தது அல்ல.

இப்போது இன்சூரன்ஸ் சலான். புதன்கிழமை பாலிசி இருந்ததா இல்லையா என்பது தாளில் இருக்கிற விஷயம். அதை ஐந்தாம் நாளும் பார்க்கலாம், ஐம்பதாம் நாளும் பார்க்கலாம். லைசென்ஸ், எஃப்.சி., பர்மிட் எல்லாம் இதே கணக்கு. உங்களிடம் பாலிசி இல்லையென்றால் வாதாட ஒன்றும் இல்லை.

184(சி) வேறு ஜாதி. நீங்கள் ஓட்டிய விதம் பற்றியது அது. அந்த நொடியில் கையில் போன் இருந்தது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது? தோப்பிலிருந்து வந்த நாலு பேரில் ஒருவரா? அவர் மோதலைப் பார்த்தாரா, மோதிய சத்தம் கேட்டு வந்தாரா? ஆபத்தாக ஓட்டியது என்ற 184-ஐ போலீஸ் ஸ்பாட் ஃபைனாக முடித்துவிட முடியாது. பிரிவு 200 அந்த அனுமதியை, கையில் வைத்துப் பேசும் கருவி சம்பந்தப்பட்ட பகுதிக்கு மட்டும்தான் கொடுக்கிறது. அதனால்தான் சலானில் 184 என்று சும்மா போடாமல் (சி) போட்டிருக்கிறார்கள். கவனித்தீர்களா?

நாள் கணக்கும் உண்டு. 183 (அதிவேகம்), 184 இரண்டுக்கும் பிரிவு 209 ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. அந்த இடத்திலேயே "உன்மேல் வழக்கு வரும்" என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் குற்றம், நேரம், இடம் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் 28 நாளுக்குள் சம்மனை உங்கள் கையில் சேர்த்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றாவது நடந்திருந்தால்தான் தண்டிக்க முடியும். ஓட்டியவர், உரிமையாளர் யாரென்று முயன்றும் கண்டுபிடிக்க முடியாமல் போயிருந்தால், அல்லது அந்தத் தாமதத்துக்கு நீங்களே காரணமாக இருந்திருந்தால் இது பொருந்தாது. உங்களுக்குச் சலான் ஐந்தாம் நாளே வந்துவிட்டது, ஆகவே "லேட்" என்ற வாதம் இன்றைக்கு உங்களுக்கு இல்லை. பொதுவான கெடு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 514-இல் இருக்கிறது: அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஒரு வருடம் வரை சிறை உள்ள குற்றம் என்றால் ஒரு வருடம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கட்டினால் முடியுமா? முடியாது. காரை எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். சி.எஸ்.ஆர். நிச்சயம் எஃப்.ஐ.ஆராக மாறும், மாறியிருக்கவும் கூடும். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 281 கண்மூடித்தனமாக ஓட்டியது, 125 காயம். முதலில் 125(ஏ) போட்டு, ஆஸ்பத்திரியின் காயச் சான்று வந்ததும் 125(பி)-யாக மாற்றுவது வழக்கம். (பி) என்றால் மூன்று வருடம் வரை. எல்லாம் ஜாமீனில் விடக்கூடியவைதான், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வழக்கு தொங்கிக்கொண்டிருக்கும்போது "ஆமாம், போன் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன்" என்று 1,000 ரூபாய் கொடுத்து நீங்களே எழுதித் தருவானேன்? அந்த ரசீது நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தைக் கட்டிப்போடாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் எடுத்து நீட்டுவார். நான் அந்தப் பக்கம் நின்றால் நானும் அதைத்தான் செய்வேன்.

போன் விஷயத்தில் உண்மை என்ன? அதைச் சொல்லுங்கள்.

மண்டிக்கணக்கு | செவ்வாய், மதியம் 1.30

போன் டேஷ்போர்டு ஹோல்டரில் இருந்தது. மேப் ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த ரோடுதான், ஆனால் பழக்கம். ஆறு மணிக்கு முதலாளியிடம் பேசியது கடைசி அழைப்பு. மோதிய பிறகுதான் கையில் எடுத்தேன், 108-க்குப் போடலாமா என்று. பையன் வேண்டாம் என்றான். தோப்பிலிருந்து வந்தவர்கள் பார்த்தபோது என் கையில் போன் இருந்தது உண்மை.

இன்சூரன்ஸ்தான் என் தப்பு. விபத்துக்கு 11 நாள் முன்னாலேயே முடிந்துவிட்டது. தக்காளி சீசன், ஞாபகமே இல்லை. வியாழக்கிழமை காலையிலேயே ஆன்லைனில் மூன்றாம் நபர் பாலிசி எடுத்துவிட்டேன்.

பெரிய_மனசு | செவ்வாய், மதியம் 2.05

அப்புறம் என்ன யோசனை? விபத்து வியாழக்கிழமை நடந்தது என்று பேசி முடித்துவிடுங்கள். அவர்களுக்கும் இன்சூரன்ஸ் பணம் வரும், உங்களுக்கும் தலைவலி போகும். எங்கள் ஊரில் ஆளை மாற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள்.

சர்வேயர்_கண் | செவ்வாய், மதியம் 2.40

மேலே இருப்பவர் சொன்னதைக் கேட்டுக் கம்பி எண்ணப் போகாதீர்கள். நான் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சர்வே செய்கிறவன். பாலிசியில் தேதி மட்டுமல்ல, எத்தனை மணியிலிருந்து அமல் என்பதும் இருக்கும். 11 நாள் இடைவெளி விட்டு எடுத்த பாலிசி, எடுத்த அன்றே விபத்து என்று ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது ஆஸ்பத்திரி ஏ.ஆர். நகல்தான். விபத்துப் பதிவேட்டில் எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று நோயாளி சொன்னபடி டாக்டர் எழுதியிருப்பார். அப்புறம் பெட்ரோல் பங்க் கேமரா, டவர் விவரம். பொய்த் தேதி இரண்டு நாள் தாங்காது. இப்போது உங்கள்மேல் இருப்பது கவனக்குறைவு. பிறகு அது மோசடி ஆகிவிடும்.

கசப்பான விஷயம் ஒன்று. புதன்கிழமைக்கு உங்களுக்கு எந்தக் கம்பெனியும் இல்லை. பையன் தரப்பு நஷ்டஈட்டு மனு போட்டால் தீர்ப்பாகும் தொகை உங்கள் கையிலிருந்து போகவேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், நஷ்டஈட்டுக்கு ஜாமீன் காட்டாமல் விடக்கூடாது என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் கார் இன்னும் உங்கள் வீட்டு வாசலில் நிற்பதே அதிசயம். அந்த 2,000 ரூபாய் சலானைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள், அது இதில் சில்லறை.

கோர்ட்_வராண்டா | செவ்வாய், மாலை 6.10

சர்வேயர் சொன்னது அத்தனையும் சரி.

போன் ஹோல்டரில் இருந்து மேப் ஓடியது என்றால் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து அமலான திருத்தத்தில், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். மேப்பின் டைம்லைனை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் சிம் கம்பெனியிலிருந்து அன்றைய அழைப்பு விவரத்தையும் எடுத்து வையுங்கள். ஹோல்டர் இருக்கிற மாதிரி டேஷ்போர்டைப் போட்டோ எடுங்கள், தேதியோடு. 196-ஐக் கட்டிவிடுங்கள். 184(சி)-க்கு இ-சலான் தளத்திலேயே ஆட்சேபம் பதியுங்கள். ஏற்கவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போகட்டும், அங்கே பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஸ்பாட் ஃபைன் கட்டினால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு நிற்கும், ஆனால் லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பித் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நடவடிக்கை, பிரிவு 206(4), அதனால் நிற்காது. 200-க்கு 2019 திருத்தத்தில் சேர்த்த வரி அது. பலர் பணம் கட்டிவிட்டு மூன்று மாதம் லைசென்ஸ் போய்விட்டது என்று என்னிடம் வந்து குதிக்கிறார்கள்.

ஓசூர்_டு_சான்ஹோசே | புதன், காலை 7.55

இங்கே கலிபோர்னியாவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இடதுபக்கம் திரும்பும்போது எதிரே வந்த கார் இடித்துவிட்டது. போலீஸ் வந்தது இருபது நிமிடம் கழித்து. இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார், ரோட்டை அளந்தார், எனக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். "நீங்கள் பார்க்கவில்லையே" என்று நானும் ஊர்ப்பழக்கத்தில் கேட்டேன். சிரித்தார். இங்கே வாகனச் சட்டம் 40600 என்று ஒரு பிரிவு. விபத்து விசாரணைப் பயிற்சி முடித்த அதிகாரி, நேரில் பார்க்காவிட்டாலும், விதிமீறலும் விபத்துக்கு ஒரு காரணம் என்று நியாயமாக நம்பினால் நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் இங்கேயும் டிக்கெட் கடைசி வார்த்தை இல்லை. கோர்ட்டில் எதிர்க்கலாம். நான் எதிர்க்கவில்லை, தப்பு என்னுடையதுதான்.

தொப்பூர்_இறக்கம் | புதன், காலை 9.15

அங்கே பயிற்சி முடித்தவர் வருகிறார். இங்கே? எது நடந்தாலும் பெரிய வண்டிக்காரன்மேல் தப்பு. லாரிக்கும் காருக்கும் என்றால் லாரி. காருக்கும் பைக்குக்கும் என்றால் கார். மண்பாதையிலிருந்து பார்க்காமல் ஏறினவன்மேல் ஏன் ஒரு சலானும் இல்லை? ஹெல்மெட் போட்டிருந்தானா அந்தப் பையன்?

ஏட்டு_ரிட்டயர்டு | புதன், காலை 9.48

தொப்பூர் தம்பி சொல்வதில் பாதி நியாயம் உண்டு, மறைக்கமாட்டேன். அடிபட்டவன் பக்கம் முதலில் எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எஃப்.ஐ.ஆரில் முதல் புகார் யாருடையதோ அவர் கதைதான் முதலில் இருக்கும். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம். மண்டிக்கணக்கு அன்று இரவே போயிருந்தால் மண்பாதை, புல்லுக்கட்டு, ஹெல்மெட் எல்லாம் அவர் வாயால் முதல் தாளில் ஏறியிருக்கும்.

பையன் வயசு என்ன தம்பி? நீங்கள் சொல்லவே இல்லை.

மண்டிக்கணக்கு | புதன், இரவு 8.30

பதினொன்றாம் வகுப்பு. 16 முடிந்திருக்கிறது. ஹெல்மெட் இல்லை. வண்டி அவன் சித்தப்பா பெயரில். அப்பா அந்தத் தோப்பில் காவல், மாடும் வைத்திருக்கிறார். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஸ்டேஷனில் அவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என் வண்டி இடித்து அவர் மகன் தோள் உடைந்திருக்கிறது, அவர் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

ஏட்டு_ரிட்டயர்டு | புதன், இரவு 9.05

அப்படிச் சொல்லுங்கள். அதனால்தான் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கே போகாமல் எண்ணெய் போட்டுக் கட்டிவைத்திருப்பார்கள். வீக்கம் வடியாமல் போனதும்தான் போயிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் என்று சொன்னால் ஸ்டேஷனுக்குத் தகவல் தானாக வரும், புகார் கொடுக்காவிட்டாலும் வரும்.

16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் எடுக்கலாம். எக்ஸெல் இப்போது 100 சிசி பக்கம். ஊரெல்லாம் பையன்கள் அதில்தான் பால் கேனும் புல்லும் ஏற்றிப் போகிறார்கள், அது வேறு.

கோர்ட்_வராண்டா | புதன், இரவு 9.40

199ஏ. இதைச் சொல்லத்தான் வேண்டும். சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று வருடம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான், அல்லது தடுக்க வேண்டிய கவனத்தோடுதான் இருந்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்.

நீங்கள் மறைப்பதற்கும் காட்டுவதற்கும் இதில் ஒன்றும் இல்லை. வயது ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை என்று 2022 ஏப்ரலிலிருந்து படிவங்கள் இருக்கின்றன. ஓட்டுநர் படிவம் ஒன்று உங்களுக்கும் வரும், 30 நாளுக்குள் நிரப்பித் தரவேண்டும். அதில் உண்மையை மட்டும் எழுதுங்கள். பையனைக் காப்பாற்றுகிறேன் என்று "நான்தான் கவனிக்கவில்லை" என்று கூடுதலாக ஒரு வரி சேர்க்காதீர்கள். உங்களைப் போன்றவர்கள் சேர்ப்பீர்கள், தெரியும்.

தொப்பூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. பையனிடம் லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்தில் அவனுக்கும் பங்கு என்று ஆகாது. 2008-இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி, லைசென்ஸ் இல்லாத சிறுவன் விஷயத்தில் சொல்லியிருக்கிறது. ஆனால் மண்பாதையிலிருந்து பார்க்காமல் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினான் என்பது வேறு. அது ஓட்டிய விதம், அதை மகஜர் மூலம் காட்டலாம்.

பெரிய_மனசு | புதன், இரவு 10.02

குடித்திருந்தாரா என்று யாரும் கேட்கவில்லையே.

ஏட்டு_ரிட்டயர்டு | புதன், இரவு 10.15

கேட்டாலும் ஐந்தாம் நாள் என்ன ஊதிப் பார்ப்பது? விபத்து நடந்த இடத்திலோ பக்கத்திலோ, ஸ்டேஷனிலோ, சேர்த்திருந்தால் ஆஸ்பத்திரியிலோ அப்போதே பார்க்கவேண்டியது அது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கேஸ். 185-இல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதனை, இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். தள்ளிப்போட்டுப் பிடிக்க முடியாத குற்றம் அது ஒன்றுதான்.

மண்டிக்கணக்கு | சனி, இரவு 9.20

இரண்டு மூன்று நாளாக வர முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

196-ஐக் கட்டிவிட்டேன். 184(சி)-க்கு ஆட்சேபம் பதிந்தேன், மேப் டைம்லைனும் அழைப்பு விவரமும் சேர்த்து. வியாழக்கிழமை எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், 281-உம் 125(ஏ)-வும். ஸ்டேஷன் ஜாமீனில் கையெழுத்துப் போட்டேன். கார் இப்போது ஸ்டேஷனில் நிற்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதியிருக்கிறார், அது எனக்கு நல்லதா கெட்டதா தெரியவில்லை.

இன்று காலை ஏலம் முடிகிற நேரம் பையனின் அப்பா மண்டிக்கு வந்தார். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குது, கொஞ்சம் படிச்சு சொல்லுங்க" என்றார். அவர் தம்பி வண்டிக்கு வந்த சலான். ஹெல்மெட், 1,000. படித்துச் சொன்னேன். "இதோட விட்டுடுவாங்களா?" என்று கேட்டார். போன திங்கள் இரவு நான் இங்கே கேட்ட அதே கேள்வி.

199ஏ பற்றி என் வாயால் சொல்ல வரவில்லை. ஒரு வக்கீலைப் பாருங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

கோர்ட்_வராண்டா | சனி, இரவு 9.55

கூட்டிவாருங்கள், ஆனால் உங்கள் வக்கீலிடம் அல்ல, வேறொருவரிடம். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் நிற்க முடியாது. அவருக்குச் செலவுக்கு வழியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். நஷ்டஈட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். உங்கள்மேல் போடப்போகும் மனுதான். இருந்தாலும் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் சமாதானமாக வந்தால் 125-ஐச் சட்டப்படி முடித்துக்கொள்ளலாம். 281 அப்படி முடியாது. அதற்கு உயர் நீதிமன்றம் போய் ரத்து கேட்கவேண்டும், அல்லது இங்கேயே நடத்தவேண்டும். அவசரப்பட வேண்டாம். காயச் சான்று வரட்டும்.

தொப்பூர்_இறக்கம் | சனி, இரவு 10.20

ஆட்சேபத்துக்குப் பதில் வந்தால் போடுங்கள். என்னிடமும் பழைய சலான் ஒன்று கிடக்கிறது, தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பையன் தோள் எப்படி இருக்கிறது?

மண்டிக்கணக்கு | சனி, இரவு 10.31

தூளி கட்டியிருக்கிறது. இன்னும் நான்கு வாரம் அசைக்கக் கூடாது என்றார்களாம். மாட்டுக்குப் புல் இப்போது சித்தப்பாதான் கொண்டுவருகிறார், சைக்கிளில்.